ரோதமுனிக்கு எந்த ஊர்

சேவலைப் பார்த்துப் பயப்படாதீர்கள் அம்மா, கால் கட்டியிருக்கிறது. பையை இந்தப் பக்கம் நகர்த்திக்கொள்கிறேன். இதற்கும் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிட்டான். உங்களிடம் டிக்கெட் இருக்கிறது, என்னிடம் இருக்கிறது, சேவலிடமும் இருக்கிறது. முன்னால் நிற்கிற கார்க்காரர்களிடம்தான் ஒன்றும் இல்லை. அவர்களால்தான் பஸ் நிற்கிறது.

குஞ்சப்பனை செக்போஸ்ட் லீவு நாளில் இப்படித்தான். டூரிஸ்ட் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். போனிலேயே எடுக்கலாமாம். எடுக்காமல் வந்துவிட்டு வழியை மறித்துக்கொண்டு சண்டை. அந்த வெள்ளைக் கார்க்காரர் கத்துவது கேட்கிறதா? ‘எங்க நாட்டுல நான் போறதுக்கு எவன்கிட்ட அனுமதி கேக்கணும்’ என்கிறார். இரண்டு நாள் ஊட்டியில் படகு விட்டு, வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்பப் போகிற ஆள். அதற்கு ஒரு பாஸ் கேட்டதும் இந்த ஆவேசம். எனக்குச் சிரிப்பு வரவில்லை அம்மா. குமட்டுகிறது.

நீங்கள் எந்த ஊர்? காரமடையா. சொந்த ஊரே அதுதானா? சரி, சரி, முகம் சுளிக்காதீர்கள். வாய்ப்பழக்கம். என் வேலையே அதுதான். கோத்தகிரிப் பக்கம் தாயகம் திரும்பியோர் சங்கத்துக்கு நான் தலைவர். மருதவீரன் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இலங்கைத் தோட்டத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கு ஜாதிச் சான்று, வாரிசுச் சான்று, எது வேண்டுமானாலும் தாலுகா ஆபீஸில் முதலில் கேட்பது, ‘மருதவீரன் கையெழுத்து இருக்கா?’ அப்படி ஒரு மதிப்பு. என் டீக்கடைக்காரன் மட்டும் இன்னும் ‘சிலோன்காரருக்கு ஒரு டீ’ என்கிறான். நான் வந்து ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. அவன் பிறந்ததே நான் வந்த பிறகுதான். போகட்டும், அது வேறு.

நான் பிறந்தது மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். நாற்பத்தெட்டில். அந்த வருஷக் கடைசியில் அங்கே குடியுரிமைச் சட்டம் வந்தது. எனக்குத் தலை நிற்பதற்குள் எனக்கு நாடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நீ இங்கே பிறந்தது போதாது, உன் அப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும், அதை எழுத்தில் காட்டு என்றது சட்டம். என் அப்பா அதே தோட்டத்தில்தான் பிறந்தார். அதே லயத்தில், கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீட்டில். யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு மனிதன் பிறந்தான் என்பதற்கு அத்தாட்சி அந்த மனிதன்தானே? அவர் எதிரே கைகட்டி நிற்கிறார். அது போதாதாம்.

அடுத்த வருஷம் ஓட்டையும் பிடுங்கினார்கள். பிறகு இன்னொரு சட்டம், இத்தனை வருஷம் தொடர்ந்து இருந்தவர்கள் மனுப் போடலாம் என்று. மனுப் போட்டவர்களைத் தள்ளுவதற்கென்றே ஆபீசர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு சாவுக்கு இந்தியா போய்வந்தாயா? அப்படியென்றால் நீ நிரந்தரமாக இல்லை. தள்ளு. கல்யாணத்துக்கு எழுத்து இல்லையா? தள்ளு. எங்கள் ஆட்கள் கல்யாணம் கட்டியது மாரியம்மன் கோயில் வாசலில். மாரியம்மன் ரசீது கொடுப்பாளா?

இருபத்தைந்து வயது வரை நான் எந்த நாட்டுக்காரனும் இல்லை அம்மா. நாடற்றவன். அது திட்டு இல்லை, அதுதான் சட்டத்தில் எங்களுக்குப் பெயர்.

அறுபத்து நாலில் இரண்டு நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். உனக்கு ஐந்தேகால் லட்சம் பேர், எனக்கு மூன்று லட்சம் பேர். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் பாதிக்குப் பாதி. சந்தையில் மாடு பிரிக்கிறவன்கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதில் இன்னொரு கூத்து. அங்கிருந்து ஏழு பேர் கப்பல் ஏறினால்தான் அங்கே நாலு பேருக்குக் குடியுரிமை. நான் ஏறினால் எவனோ ஒருவன் அங்கே பிரஜை. என் தங்கச்சி பாக்கியம் அங்கே இருக்க மனுப் போட்டிருந்தாள். அவள் புருஷன் வீட்டார் போட்டார்கள், அவளும் அதில் சேர்ந்தாள். நான் கப்பல் ஏறும்போது நினைத்துக்கொண்டேன், இது அவளுக்கான எண்ணாக இருக்கட்டும் என்று.

கிடைக்கவில்லை. எழுபத்தேழில் கலவரம். லயத்தைக் கொளுத்தினார்கள். பாக்கியமும் புருஷனும் கைப்பிள்ளையோடு வவுனியாவுக்கு ஓடினார்கள். விசாரணைக்குக் கூப்பிட்ட கடிதம் எரிந்த லயத்துக்குப் போயிருக்கும். ஆள் வரவில்லை என்று மூடியிருப்பார்கள்.

வண்டி நகர்கிறதா? இல்லை, அந்த வெள்ளைக் கார் பின்னால் வந்து இடம் மாறி நிற்கிறது. அவ்வளவுதான்.

எங்கள் விசாரணையைக் கேட்டீர்களானால் சிரிப்பீர்கள். இந்தியாவுக்கு மனுப் போட்டவர்களைக் கண்டியில் இருந்த இந்திய ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். பூர்வீகக் கிராமம் எது, குலதெய்வம் எது என்று கேட்பார்களாம். அப்பாவுக்குக் கிராமம் தெரியாது. அவருடைய அப்பா திருச்சிப் பக்கமிருந்து நடந்து வந்தவர் என்பது மட்டும் தெரியும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, நல்ல மனுஷன், லயத்து ஆட்களை வாசலில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ‘ஊரு கேட்டா முசிறிப் பக்கம்னு சொல்லு. சாமி கேட்டா அய்யனாருன்னு சொல்லு. அய்யனாரு இல்லாத ஊரு அங்க கிடையாது.’ எங்கள் லயம் முழுக்க அன்றைக்கு ஒரே ஊர், ஒரே சாமி. ஜாதி வேறு வேறு, சாமி மட்டும் ஒன்று. ஆபீசர் ஒரு மாதிரி பார்த்தார், எழுதிக்கொண்டார். என்ன சொல்கிறீர்கள், பொய்யா? அது பொய் இல்லை அம்மா. திருச்சிப் பக்கம் என்பது உண்மை. அங்கே அய்யனார் இருப்பதும் உண்மை. நடுவில் கொஞ்சம் நிரப்பினோம். அது வேறு.

உண்மையில் எங்கள் சாமி எதுவென்று கேட்டால், ரோதமுனி. உங்களுக்குத் தெரிய வழியில்லை. ரோதை என்றால் சக்கரம். தேயிலை ஃபேக்டரியில் பெரிய சக்கரம் ஓடும், அதை வைத்துத்தான் எல்லா மெஷினும் ஓடும். அதில் காவல் இருக்கிற முனி. காலையில் மெஷின் போடுமுன் சூடம் காட்டுவோம். காட்டாமல் போட்ட அன்றைக்கு ஒருத்தன் விரல் போகும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரத் தொரையே தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பான். வருஷத்துக்கு ஒருமுறை சேவல். ஒரு வழக்கம் உண்டு. சேவல் அறுக்குமுன் அந்த வீட்டில் பிறந்த பெண் விளக்கேற்ற வேண்டும். கட்டிக்கொண்டு வந்தவள் ஏற்றக்கூடாது. பிறந்த பெண், அவள் இல்லையென்றால் அவள் வயிற்றுப் பெண்.

நாங்கள் புறப்படும்போது அப்பா ஃபேக்டரிக்குப் பின்னால் இருந்த சாமிக் கல்லைக் கம்பளியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார். ராமேஸ்வரத்தில் கஸ்டம்ஸ்காரன் பெட்டியைத் திறந்து, ‘என்னய்யா இது கல்லு?’ என்றான். அப்பா கொஞ்சமும் தடுமாறவில்லை. ‘கொழவிங்க. அம்மி அங்கயே நின்னுபோச்சு’ என்றார். அவன் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு அனுப்பிவிட்டான். அந்தக் கல்தான் கோத்தகிரியில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. என் மகன் இங்கே ஒரு தேயிலை ஃபேக்டரியில் ரோலர் மெஷினில் வேலை செய்கிறான். இன்றைக்கு வரை பத்து விரலும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

பாக்கியம் தொண்ணூறில் படகில் வந்து சேர்ந்தாள். சண்டைக்குப் பயந்து ஓடிவந்த கூட்டத்தோடு. புருஷன் வழியிலேயே போய்விட்டான். அவளும் மகள் யோகமலரும்தான். கீழே அணைக்கட்டுப் பக்கம் முகாமில் போட்டார்கள். நானும் போய்ப் பார்த்தேன். அதே பத்தடி அறை, அதே தகரம், வாசலில் அதே சாக்கடை. லயத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே இறக்கியதுபோல இருந்தது. பாக்கியம் அங்கேயே செத்தாள். யோகமலர் முகாமிலேயே ஒரு பெயிண்ட் அடிக்கிற பையனைக் கட்டிக்கொண்டாள். ஒரே பெண், தர்ஷிகா. இங்கே பிறந்தவள், தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், நர்சிங் முடித்தவள். ஆனால் இந்தியாவில் பிறந்தது போதாது. எண்பத்தேழுக்குப் பிறகு பிறந்திருந்தால் அப்பனோ ஆத்தாளோ இந்தியராக இருக்க வேண்டும் என்று இங்கே ஒரு சட்டம். பிறகு அதையும் இறுக்கினார்கள். எந்த நாட்டிலிருந்து ஓடிவந்தவர்களைச் சேர்ப்பது என்று சில வருஷத்துக்கு முன்னால் ஒரு சட்டம் போட்டார்களே, அதில் மூன்று நாட்டின் பெயர் இருக்கிறது. இலங்கை இல்லை. எதற்கு இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். படகில் வந்தவனும் பாஸ்போர்ட்டோடு கப்பலில் வந்தவனும் ஒன்றா? என்னைக் கேட்டால் ஒரு வரிசை வேண்டும். நாங்கள் வரிசையில் நின்று வந்தோம்.

யோகமலர் அதைச் சொன்னால் கோபிப்பாள். ஆனால் மரியாதை தெரிந்த பெண். வருஷா வருஷம் முகாம் ஆபீசரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஆஜர் போட்டுவிட்டு, மலையேறி வந்து ரோதமுனிக்கு விளக்கேற்றுவாள். சேவலும் அவளே முகாமில் வளர்த்துக் கொண்டுவருவாள்.

போன வருஷம் யாரோ ஒரு வக்கீல் சொல்லிக்கொடுத்து மனுப் போட்டுவிட்டாள். நாங்கள் இந்திய வம்சாவளி, எங்கள் மாமா இந்தியப் பிரஜை, எங்கள் அம்மாவும் அவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், எங்களுக்கும் குடியுரிமை கொடுங்கள் என்று. வளைகுடாவில் ஏதோ ஆஸ்பத்திரியில் தர்ஷிகாவை வேலைக்கு எடுத்திருந்தார்கள். பாஸ்போர்ட் வேண்டும். அதற்குக் குடியுரிமை வேண்டும். அதற்கு என் வாக்குமூலம் வேண்டும்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருத்தர் என் வீட்டுக்கே வந்தார். சின்ன வயது. யோகமலரும் வந்திருந்தாள், மகள் வரவில்லை. அந்த ஆர்.ஐ. உட்கார்ந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். ‘பெரியவரே, இவங்க உங்க தங்கச்சி பொண்ணுதானே? பூர்வீகம் ஒண்ணுதானே? ஆமான்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் மேல அனுப்பிடறேன்’ என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. இப்படித்தான் அம்மா இந்த நாட்டில் எல்லாம் கெட்டுப்போகிறது. நான் சொன்னேன், ‘சார், உறவுங்கறதுக்காக நான் கையெழுத்துப் போடறவன் இல்ல. முறைப்படி நாலு கேள்வி கேக்கணும். எங்கள அப்படித்தான் கேட்டாங்க.’ அவர் சிரித்துக்கொண்டு, ‘கேளுங்க, கேளுங்க’ என்றார்.

நான் யோகமலரைப் பார்த்துக் கேட்டேன், ‘பூர்வீகக் கிராமம் எது?’

‘அது உங்களுக்குத்தான் மாமா தெரியும்.’

‘எனக்குத் தெரியறது வேற. உனக்குத் தெரியுமா?’

‘அம்மா முசிறின்னு சொல்லும். நான் பாத்ததில்ல. நீங்க பாத்திருக்கீங்களா?’

பார்த்தீர்களா, கேள்வி கேட்கிற இடத்தில் இருக்கிறவனையே கேள்வி கேட்கிறாள். நான் விடவில்லை. ‘குலதெய்வம் எது?’

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள். ‘ரோதமுனி மாமா. நம்ம சாமி’ என்றாள்.

ஆர்.ஐ. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ‘என்ன முனி?’ என்றார். அவள் சொன்னாள், ஃபேக்டரி, சக்கரம், சூடம், எல்லாம். மஸ்கெலியா என்ற பெயரையும் சொல்லிவிட்டாள். அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ‘மெஷினுக்கு ஒரு சாமியா? சிலோன் மெஷினா, இந்தியா மெஷினா?’ என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். ‘பெரியவரே, உங்களுக்கும் இதுதான் சாமியா?’

நான் என்ன சொல்வேன்? நீங்களே சொல்லுங்கள். ஒரு ஆபீசர் சிரிக்கிறார். சிரிக்கிற ஆபீசர் முன்னால் போய் எவனாவது ‘ஆமாம், எனக்கும் அதுதான்’ என்று தலையை நீட்டுவானா? இன்றைக்குச் சிரிப்பார், நாளைக்கு என் ஃபைலை எடுப்பார். எழுபத்து மூன்றில் வந்தாயே, நீ என்ன சாமி சொல்லி வந்தாய் என்பார். என் சங்கத்து ஆட்கள் ஃபைல் எல்லாம் வெளியே வரும். நான் தெளிவாகச் சொன்னேன், ‘எங்களுக்கு முசிறிப் பக்கம் அய்யனாருங்க சார். இந்தச் சாமி இந்தியாவுல கிடையாது.’

அந்த நேரத்தில் சுவருக்குப் பின்னால் என் சம்சாரம் பழனியம்மா சாமிக் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டது. ஆர்.ஐ.க்குக் கேட்டாலும் புரியாது.

எழுதிக் கொடுத்தேன். உறவு உண்டு, பூர்வீகம் பற்றி எனக்குத் தெரியாது, அவர் சொல்லும் தெய்வம் இந்தியாவில் இல்லாதது என்று. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. ஆர்.ஐ. வாங்கிப் படித்துவிட்டு, ‘ஏன் பெரியவரே, ஆமான்னு போட்டிருந்தா முடிஞ்சிருக்குமே’ என்றார். அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இந்தக் காலத்து ஆபீசர்களுக்குத் துணிச்சல் கிடையாது.

யோகமலர் எழுந்தாள். பின்பக்கம் போய் அத்தையிடம் சொல்லிக்கொண்டு போய்விட்டாள். மனு தள்ளுபடி. தர்ஷிகாவின் வேலைக்கு வேறு ஒரு பெண் போய்விட்டாளாம். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அதற்கு நான் என்ன செய்வது? இலங்கையிலும் இப்போது சட்டம் மாற்றிவிட்டார்கள், எங்களைப்போல விடுபட்ட தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் குடியுரிமை என்று. இங்கே முகாமில் இருப்பவர்களுக்கும் உண்டு என்று பிறகு சேர்த்தார்கள். அங்கே போகலாமே? அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். எனக்கு இங்கே யார் இருந்தார்கள்?

ஆர்.ஐ. ஜீப் கிளம்பியதும் பழனியம்மா கை ஈரத்தோடு வந்து நின்றாள். ‘இனிமே அந்தக் கல்லுக்கு நான் பூ வைக்க மாட்டேன். நீங்க உங்க அய்யனாருக்கு வையுங்க. எங்க இருக்காருன்னு முசிறிக்குப் போய்த் தேடிக்கிட்டு வாங்க’ என்றாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது. சோறு போடுவாள். உப்பு இருக்கிறதா என்று கேட்க மாட்டாள். ஐம்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு ஒரு கையெழுத்தின் மதிப்பு தெரியவில்லை. நியாயமாக நடந்தால் வீட்டிலேயே எதிரி. இதைத்தான் சொல்கிறேன், குமட்டுகிறது என்று.

நாளைக்கு ரோதமுனிக்குப் பூசை. அதற்காகத்தான் கீழே முகாமுக்குப் போய்விட்டு வருகிறேன். இந்த வயதில் நானே போய் அழைத்தேன் அம்மா. ஆரஞ்சும் பன்னும் வாங்கிக்கொண்டு போனேன். யோகமலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ‘வாங்க மாமா, உக்காருங்க’ என்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். டீ கொடுத்தாள். தர்ஷிகா தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தாள், வெளியே வரவில்லை.

‘நாளைக்கு வந்துடணும். அனுமதிக்கு வேணும்னா நான் ஆபீசர்கிட்டப் பேசறேன்’ என்றேன்.

‘அனுமதி பிரச்சினை இல்ல மாமா.’

‘பின்ன?’

‘இந்தியாவுல இல்லாத சாமின்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க. கவர்மெண்ட் ஃபைல்ல இருக்கு. இல்லாத சாமிக்கு நான் மலையேறி வந்து வெளக்கேத்துனா, நாளைக்கு உங்களைத்தான கேப்பாங்க?’

குரலை உயர்த்தவில்லை. டீ டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். சரி, மகளையாவது அனுப்பு என்றேன். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அந்தச் சின்னப் பெண், ‘எனக்கு முசிறி அய்யனார்தான் தாத்தா, தெரியாதா?’ என்றது. இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆத்தாளும் மகளும். அந்த ஆர்.ஐ. சிரித்தாரே, அதைவிட மோசமான சிரிப்பு.

கிளம்பும்போது இந்தச் சேவலைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். ‘இது நேந்துவிட்டது மாமா. நான் வெச்சுக்கக் கூடாது. எடுத்துட்டுப் போங்க’ என்றாள். நன்றாக வளர்த்திருக்கிறாள், பாருங்கள், கொண்டை எப்படி நிற்கிறது.

சேவல் இருக்கிறது. கல் இருக்கிறது. விளக்கேற்ற ஆள் இல்லை. எனக்கு மகன் மட்டும்தான், அவனுக்கும் மகன்தான். பழனியம்மா கட்டிக்கொண்டு வந்தவள், அவள் ஏற்றக்கூடாது, ஏற்றவும் மாட்டாள். விளக்கில்லாமல் சேவல் அறுக்கக்கூடாது. மகனுக்குத் திங்கட்கிழமை காலை ஷிப்டு. நேற்று ராத்திரி அவனும் கேட்டான், ‘யோகா வரும்ல?’ என்று. மெஷினில் கை விடுகிறவன் கேட்கிற கேள்வி அது.

அப்பாடா, ஸ்டார்ட் பண்ணிவிட்டான். இல்லை, அணைத்துவிட்டான்.

நீங்கள் கோத்தகிரியில்தானே இறங்குகிறீர்கள்? நான் கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். என் வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து பக்கம். காலையில் ஒரு ஐந்து நிமிஷ வேலை. குளித்துவிட்டு வந்து ஒரு விளக்கு. பெண் கையாக இருந்தால் போதும் என்று தோன்றுகிறது. உங்களை என் தங்கச்சி வழிப் பேத்தி என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். யார் வந்து கேட்கப்போகிறார்கள்? சாமிக்கு எல்லாரும் ஒன்றுதானே.

வருகிறீர்களா? நல்லது அம்மா. உங்கள் மனசுக்கு நன்றாக இருப்பீர்கள்.

ஒரே ஒரு விஷயம் மட்டும். காரமடை என்றீர்கள். அது இப்போது இருக்கிற ஊர். அப்பாவுக்கு எந்த ஊர்? சரி, அவருடைய அப்பாவுக்கு? குலதெய்வம் எங்கே இருக்கிறது?

பரவாயில்லை, யோசித்தே சொல்லுங்கள். வண்டிதான் இன்னும் நகரவில்லையே.